வெளியே போன காற்றுக்கும் பெட்ரோல் ஊற்றும் எஞ்சின்

முகூர்த்த மாதங்களில் செட்டிநாட்டுத் தெருக்களில் வெளியூர் வண்டிகள் நிறைந்துவிடும். சென்னைக்கும் பெங்களூருக்கும் பிழைக்கப் போன குடும்பங்கள் கல்யாணத்துக்கும், முன்னோருக்குப் படையலிடும் படைப்புக்கும் ஊர் திரும்புகிற நாட்கள் அவை. கானாடுகாத்தானிலும் பள்ளத்தூரிலும் மற்ற நாட்களில் பூட்டிக் கிடக்கும் வீடுகளின் முன்னால் வரிசையாகக் கார்கள் நிற்கும். அவற்றில் டர்போ பெட்ரோல் வண்டி என்பது இப்போது அதிசயமே இல்லை. நெக்ஸான், வென்யூ, ஃப்ரான்க்ஸ் என்று ஒரு லிட்டர், 1.2 லிட்டர் எஞ்சினிலேயே டர்போ வந்துவிட்டது.

காரைக்குடியில் ஒர்க்ஷாப் வைத்திருக்கிற என்னிடம் அந்த மாதங்களில் தவறாமல் ஒரு கேள்வி வரும். "அண்ணே, கியர் மாத்தும்போது ப்ஷ்ஷ்னு ஒரு சத்தம் வருமே, அந்த வால்வு நம்ம வண்டிக்கு மாட்டலாமா?" கேட்பவர்கள் பெரும்பாலும் இருபதுகளில் இருக்கும் தம்பிகள். நான் திருப்பிக் கேட்பேன்: "உங்க எஞ்சின் காத்தை எந்த இடத்துல வச்சு அளக்குது தம்பி?"

இதற்குப் பதில் தெரியாமல் அந்த வால்வில், அதாவது ப்ளோ-ஆஃப் வால்வில், கை வைக்கக் கூடாது. சத்தத்தின் மேல் எனக்கு எந்த விரோதமும் இல்லை. எஞ்சினுக்குள் போகிற பெட்ரோலைப் பற்றித்தான் கவலை. அந்த வால்வைச் சத்தம் போடுகிற சாமான் என்றே பல பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது காற்றையும் பெட்ரோலையும் கலக்கிற கணக்கில் நேரடியாகத் தலையிடுகிற சாமான்.

முதலில் அந்த வால்வு எதற்கு இருக்கிறது என்று பார்த்துவிடுவோம். சைலன்சர் வழியாக வீணாகப் போகிற புகை ஒரு சின்னச் சக்கரத்தைச் சுற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் இன்னொரு சக்கரம், அதாவது கம்ப்ரஸர், வெளிக்காற்றை இழுத்து அமுக்கி எஞ்சினுக்குத் தள்ளுகிறது. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூக்கி 1905-இல் காப்புரிமை பெற்ற யோசனை இது. அடிப்படை இன்றும் அதேதான். தண்டு நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும். சின்ன டர்போக்கள் இரண்டு லட்சத்தையும் தாண்டும். அமுக்கப்பட்ட காற்று சூடாகும் என்பதால் இன்டர்கூலரில் ஆறி, அப்புறம் ஆக்சிலரேட்டரோடு திறந்து மூடும் த்ராட்டில் தட்டைத் தாண்டி, சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துவிடும் மேனிஃபோல்டுக்குள் போகிறது.

கியர் மாற்றுவதற்காக ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்கிறோம். த்ராட்டில் தட்டு மூடிவிடுகிறது. ஆனால் லட்சம் சுற்றில் இருக்கிற டர்போ சட்டென்று நின்றுவிடாது, காற்றைத் தள்ளிக்கொண்டே இருக்கும். போக வழியில்லாமல் குழாயில் அழுத்தம் ஏறி, காற்று வந்த வழியிலேயே கம்ப்ரஸர் இறக்கைகளைத் தாண்டித் திரும்பி ஓடும். அழுத்தம் குறைந்ததும் மறுபடி முன்னால் வரும். மறுபடி திரும்பும். 'ஸ்துதுது' என்று விட்டுவிட்டு ஒரு சத்தம் கேட்கும். இதைத்தான் சர்ஜ் என்கிறோம். டர்போவின் வேகம் அடிபடும். தண்டைத் தாங்குகிற பேரிங்குக்கும் நல்லதில்லை.

அதைத் தடுக்கத்தான் வால்வு. உள்ளே ஒரு ரப்பர் டயாஃப்ரம் அல்லது பிஸ்டன், அதை அழுத்திப் பிடிக்க ஒரு ஸ்பிரிங், மேனிஃபோல்டிலிருந்து வருகிற மெல்லிய ஹோஸ். அவ்வளவுதான். த்ராட்டில் மூடியதும் மேனிஃபோல்டில் வாக்குவம் உண்டாகும். அது மேலிருந்து இழுக்க, குழாயில் அடைபட்ட காற்று கீழிருந்து தள்ள, வால்வு திறந்து காற்றுக்கு வழி விடும். புதிய வண்டிகள் பலவற்றில் இதே வேலையை டர்போவின் உடம்பிலேயே பொருத்திய எலக்ட்ரிக் வால்வு செய்கிறது.

வழி விடுவது சரி, எங்கே விடுவது? இங்கேதான் இரண்டு வகை பிரிகிறது. ஒன்று, காற்றை ஒரு ஹோஸ் வழியாகத் திரும்பக் கம்ப்ரஸருக்கு முன்னால் கொண்டுபோய் விடுவது. ரீசர்குலேட்டிங் வகை என்பார்கள். பெரும்பாலான கம்பெனி வண்டிகளில் வருவது இதுதான். சத்தம் வெளியே அவ்வளவாகக் கேட்காது. இன்னொன்று, காற்றை அப்படியே பானட்டுக்குள் வெளியேற்றிவிடுவது. தம்பிகள் கேட்கிற 'ப்ஷ்ஷ்' இதிலிருந்து வருகிறது.

காற்று எங்கே போனால் எஞ்சினுக்கு என்ன வந்தது என்று தோன்றலாம். விஷயமே அதில்தான் இருக்கிறது.

பெட்ரோல் முழுசாக எரிய, ஒரு கிராம் பெட்ரோலுக்கு 14.7 கிராம் காற்று வேண்டும். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வருகிற 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு அது 13.5 அளவுக்கு இறங்கும். எந்தக் கணக்கானாலும் உள்ளே வருகிற காற்று எத்தனை கிராம் என்று தெரிந்தால்தான் ஈசியூ, அதாவது எஞ்சினை நடத்துகிற கம்ப்யூட்டர், எத்தனை பெட்ரோல் விடுவது என்று முடிவு செய்ய முடியும். நிறைய வண்டிகளில் இதற்கு ஏர் ஃபில்டர் பெட்டிக்கு அடுத்தாற்போல் ஒரு ஏர்ஃப்ளோ சென்சார் இருக்கும். சூடாக்கிய ஒரு மெல்லிய கம்பி அல்லது படலம். அதைக் கடந்து போகிற காற்று எவ்வளவு சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது என்பதை வைத்துக் காற்றின் எடையைச் சொல்லிவிடும். மே மாதத்துக் காரைக்குடி வெயிலோ, மார்கழிக் காலையோ, எடையாகவே அளப்பதால் கணக்கு மாறாது. அருமையான சாமான்.

ஆனால் அது நிற்கும் இடத்தைக் கவனியுங்கள். சென்சார், அப்புறம் டர்போ, அப்புறம் இன்டர்கூலர், அப்புறம் வால்வு, கடைசியில் த்ராட்டில். அளந்து முடித்த பிறகுதான் வால்வே வருகிறது.

எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்லும்போது லேவாதேவிக் கடையை வைத்துத்தான் சொல்வேன். பர்மாவிலும் மலேயாவிலும் கடை நடத்திய காலத்தில் பணம் பெட்டிக்கு வந்ததும் பேரேட்டில் வரவு ஏறிவிடும். வரவு எழுதிய பிறகு பெட்டியின் பின்பக்கமாகப் பணம் வெளியே போய்விட்டால்? பேரேட்டில் இருப்பு நிற்கும், பெட்டியில் இருக்காது. பேரேட்டைப் பார்த்துக் கடன் கொடுக்கிறவர் இல்லாத பணத்துக்கு வாக்குக் கொடுத்துவிடுவார். ஈசியூ அந்தப் பேரேட்டை நம்புகிறவர். வெளியேற்றும் வால்வு, பெட்டியின் பின்பக்க ஓட்டை. ரீசர்குலேட்டிங் வால்வில் இந்தத் தொல்லை இல்லை. எழுதிய பணம் கடைக்குள்ளேயே சுற்றுகிறது.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. குழாயில் ஏற்கனவே அடைபட்டிருந்த காற்று வெளியே போவதுதான் பிரச்சினை என்றுதான் வழக்கமாகச் சொல்வார்கள். அதைவிடப் பெரிய தப்பு அதற்குப் பிறகு நடக்கிறது. வால்வு திறந்து கிடக்கிற நேரத்தில் டர்போ இன்னும் சுற்றிக்கொண்டு, சென்சார் வழியாகப் புதுக் காற்றை இழுத்துக்கொண்டே இருக்கிறது. சென்சார் அதையும் எழுதுகிறது. எஞ்சினோ மூடிய த்ராட்டிலின் இடுக்கு வழியாகக் கொஞ்சமே எடுத்துக்கொள்கிறது. ரீசர்குலேட்டிங் வால்வு இருந்தால் கம்ப்ரஸருக்குத் தன் காற்றே திரும்பக் கிடைப்பதால், சென்சார் வழியாக எஞ்சின் எடுத்துக்கொள்கிற அளவு மட்டும்தான் வரும்.

ஒரு உத்தேசக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1.8 லிட்டர் எஞ்சின். காலை எடுத்த அந்த நொடியில் சென்சார் வழியாக வினாடிக்கு 40 கிராம் காற்று போகிறது என்று வைத்துக்கொள்வோம். எஞ்சின் எடுப்பது 10 கிராம். மீதி 30 கிராம் பானட்டுக்குள் போகிறது. வால்வு கால் வினாடி திறந்திருந்தாலே 7.5 கிராம் காற்று கணக்கில் மட்டும் இருக்கிறது. அதற்கு ஈசியூ கொடுக்க நினைக்கிற பெட்ரோல் அரை கிராம். அரை கிராம் என்ன பெரிய அளவா என்றால், இதே எஞ்சின் ஐடிலில், அதாவது வண்டி நிற்க எஞ்சின் மட்டும் ஓடும்போது, வினாடிக்குச் சுமார் 3 கிராம் காற்றுதான் எடுக்கும், 0.2 கிராம் பெட்ரோல்தான் குடிக்கும். இரண்டரை வினாடிக்கு ஆகிற தீனியைக் கால் வினாடியில் திணித்தால் எஞ்சின் திணறத்தான் செய்யும்.

நடைமுறையில் ஈசியூ ஓரளவு காப்பாற்றுகிறது. த்ராட்டில் முழுசாக மூடி, ஆர்பிஎம் மேலே இருந்தால் பெட்ரோலைத் தெளிக்கிற இன்ஜெக்டரையே அது நிறுத்திவிடும். அப்போது கணக்குத் தப்பினாலும் பெட்ரோல் போகாது. ஆனால் அவசரமாகக் கியர் மாற்றும்போது, கால் பாதி மிதித்தபடி இருக்கும்போது, ஆர்பிஎம் இறங்கி ஐடிலை நெருங்கும்போது பெட்ரோல் மறுபடி ஓட ஆரம்பிக்கும். அந்த இடங்களில்தான் மிக்ஸர் ரிச் ஆகிறது, அதாவது கலவையில் பெட்ரோல் கூடிவிடுகிறது. சைலன்சரில் 'பட்' என்று வெடிப்பது, பின்னால் கரும்புகை, பிளக் கருப்பது எல்லாம் இதன் குணங்கள். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்கிற கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரிந்தால் அது சூடேறிக் கெடும். சிலிண்டர் சுவரில் படிகிற பெட்ரோல் ஆயில் படலத்தைக் கழுவி, கீழே இறங்கி ஆயிலை நீர்க்க வைக்கும். வெடிக்கிற சத்தத்தைக் கேட்டுச் சந்தோஷப்படுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு அந்த கன்வெர்ட்டரின் விலைதான் ஞாபகம் வரும்.

ஒரு வண்டியின் கதையைச் சொன்னால் இது இன்னும் விளங்கும். பள்ளத்தூருக்குப் படைப்புக்காகச் சென்னையிலிருந்து வந்த தம்பி ஒருவர் கொண்டுவந்தார். இரண்டாம் கையில் வாங்கிய பழைய 1.8 லிட்டர் டர்போ செடான். "ஸ்பீட் பிரேக்கர் வந்தா கிளட்ச் மிதிச்சதும் ஆஃப் ஆகுதுண்ணே. பெட்ரோல் வாடை வேற. பிளக் மாத்தியாச்சு, இன்ஜெக்டர் கிளீன் பண்ணியாச்சு. அப்பச்சி வித்துருன்னு சொல்றாங்க" என்றார்.

பானட்டைத் திறந்ததும் தெரிந்தது. பளபளக்கும் அலுமினிய வால்வு, வாய் வெளியே பார்த்தபடி. கம்பெனி வால்விலிருந்து திரும்பிப் போகிற ஹோஸைக் கழற்றிவிட்டு, இன்லெட் குழாயில் மிஞ்சிய முனையைப் பிளம்பிங் வேலைக்கு வாங்குகிற பிவிசி எண்ட் கேப் வைத்துக் கிளிப் போட்டு அடைத்திருந்தார்கள். ஸ்கேனரை மாட்டினால் பி0172, அதாவது மிக்ஸர் ரிச். பிளக்கைக் கழற்றினேன். மாற்றிக் கொஞ்ச நாளே ஆனது, பீங்கான் முழுக்க வெல்வெட் மாதிரி கரி.

இத்தோடு வால்வை மாற்றிவிட்டு அனுப்பியிருக்கலாம். ஆனால் லைவ் டேட்டாவில் ஒன்று உறுத்தியது. ஃபியூயல் ட்ரிம் என்பது, ஆக்ஸிஜன் சென்சார் சொல்வதைக் கேட்டு ஈசியூ தன் கணக்கை எவ்வளவு கூட்டியிருக்கிறது, குறைத்திருக்கிறது என்பதைக் காட்டுகிற எண். லோடில் அது மைனஸ் 14 சதவீதம். பெட்ரோலைக் குறைத்துக்கொண்டே இருக்கிறது. ரிச் என்பதோடு ஒத்துப்போகிறது. ஐடிலிலோ பிளஸ் 9. அங்கே பெட்ரோலைக் கூட்டுகிறது! ஒரே வண்டி, ஓடும்போது ரிச், நிற்கும்போது லீன், அதாவது பெட்ரோல் போதாத கலவை.

எஞ்சினை ஐடிலில் விட்டு, நியூஸ் பேப்பரில் ஒரு விரல் அகலம் கிழித்து வால்வின் வாய் அருகே காட்டினேன். பேப்பர் 'சப்' என்று போய் ஒட்டிக்கொண்டது. வால்வு காற்றை வெளியே விடுவதற்குப் பதிலாக உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் வளையமாகச் செம்மண் தூசி.

நடந்தது இதுதான். சத்தம் நன்றாகக் கேட்க வேண்டும் என்று வால்வின் மேலிருக்கிற ஸ்குரூவைத் திருப்பி ஸ்பிரிங்கை முழுக்கத் தளர்த்தி வைத்திருந்தார்கள். ஐடிலில் மேனிஃபோல்டு வாக்குவம் பலமாக இருக்கும். தளர்ந்த ஸ்பிரிங்கால் அதைத் தாங்க முடியவில்லை, வால்வு லேசாகத் திறந்தே நின்றது. அந்த நேரத்தில் குழாயில் பூஸ்ட், அதாவது டர்போ ஏற்றுகிற அழுத்தம், கிடையாது. எஞ்சின் உறிஞ்சும்போது காற்றின் ஒரு பகுதி அந்த வாய் வழியாக வந்துவிடுகிறது. சென்சார் அளக்காத காற்று, ஃபில்டரும் பார்க்காத காற்று. அதனால் லீன். ஓட்டும்போது பூஸ்ட் கொஞ்சம் ஏறியதும் அதே தளர்ந்த ஸ்பிரிங் விட்டுக்கொடுத்து, அளந்த காற்று வெளியே கசிகிறது. அதனால் ரிச். கிளட்ச் மிதித்து நிறுத்த வரும்போது ரிச்சிலிருந்து லீனுக்குத் தாவுகிற அந்த இடத்தில் ஐடிலைப் பிடித்து நிறுத்த ஈசியூவால் முடியவில்லை. வண்டி ஆஃப்.

டிக்கியில் பழைய வால்வைப் பத்திரமாக வைத்திருந்தார், நல்ல பிள்ளை. அதை மாட்டி, எண்ட் கேப்பை எடுத்துவிட்டுத் திரும்பு ஹோஸைப் போட்டு, பிளக்கைச் சுத்தம் செய்து, ஈசியூ கற்றுவைத்திருந்த ட்ரிம் கணக்கை அழித்துவிட்டு குன்றக்குடி, பிள்ளையார்பட்டி வழியாகத் திருப்பத்தூர் ரோட்டில் ஓட்டிப் பார்த்தோம். பிள்ளையார்பட்டிக் கூட்டத்தில் நின்று நின்று போனபோதும் ஆஃப் ஆகவில்லை. திரும்பி வருவதற்குள் இரண்டு ட்ரிம்மும் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றன. பிக்கப்பும் பழைய மாதிரி இருக்கிறது என்று அவரே சொன்னார். அந்த வண்டியை விற்கவில்லை.

சரி, வீடியோக்களில் வருகிற கார்களெல்லாம் எப்படி ஓடுகின்றன? சுபாரு டபிள்யூஆர்எக்ஸ், நிசான் ஸ்கைலைன் ஜிடி-ஆர் இரண்டுமே ஏர்ஃப்ளோ சென்சார் வைத்த வண்டிகள். இரண்டும் கம்பெனியிலிருந்து ரீசர்குலேட்டிங் வால்வோடுதான் வந்தன. வீடியோவில் கேட்கிற சத்தம் பின்னால் மாட்டிய வால்வுடையது. பந்தயத்துக்கு முறையாகச் செய்கிறவர்கள் பலர் ஏர்ஃப்ளோ சென்சாரையே எடுத்துவிட்டு, வேறு ஈசியூ வைத்து மேப் சென்சாரில் ஓட்டுகிறார்கள். மேப் என்பது மேனிஃபோல்டுக்குள் இருக்கிற அழுத்தத்தைப் பார்க்கிற சென்சார். அழுத்தம், காற்றின் சூடு, ஆர்பிஎம் மூன்றையும் வைத்து ஈசியூ காற்றின் எடையைக் கணக்குப் போட்டுவிடும். அளப்பது த்ராட்டிலுக்கு அப்பால் என்பதால், இந்தப் பக்கம் எவ்வளவு காற்று வெளியே போனாலும் மிக்ஸருக்கு ஒன்றும் ஆகாது. இன்னொரு வழி, ஏர்ஃப்ளோ சென்சாரையே வால்வுக்குப் பின்னால், த்ராட்டிலுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைப்பது. அதுவும் சரியான வேலைதான். ஆனால் டியூனிங் தெரிந்தவர் செய்ய வேண்டும். பாதிக் காற்றைத் திருப்பி, பாதியை வெளியே விடுகிற இரட்டை வால்வும் கடைகளில் கிடைக்கிறது. தப்பு பாதியாகக் குறையும். போகாது.

சிலர் வால்வே வேண்டாம் என்று அடைத்துவிட்டு அந்த 'ஸ்துதுது' சத்தத்துக்கு ஆசைப்படுகிறார்கள். அதிலும் மிக்ஸர் கெடத்தான் செய்யும். திரும்பி ஓடுகிற காற்று சென்சார் வரைக்கும் வந்து போனால், பழைய சூட்டுக்கம்பி வகைக்கு எந்தத் திசையில் போகிறது என்று பிரித்துச் சொல்லத் தெரியாது. போனதையும் எழுதும், வந்ததையும் எழுதும். திசை தெரிகிற சென்சார்கள் பின்னால் வந்துவிட்டன, ஆனாலும் டர்போவின் பேரிங் அடி வாங்கத்தான் செய்யும்.

டீசல் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இதில் வேலையே இல்லை. பெட்ரோல் எஞ்சின் போலக் காற்றை அடைத்து வேகத்தைக் குறைக்கும் பழக்கம் டீசலுக்குக் கிடையாது. போடுகிற டீசலைக் குறைத்துத்தான் வேகம் குறைகிறது. குழாயில் காற்று அடைபடாததால் விடுவதற்கு ஒன்றுமில்லை. டீசலுக்கு என்று விற்கிற சத்தக் கிட் எல்லாம் சத்தத்துக்காக மட்டும் பூஸ்ட் காற்றைத் திருடுகிற சாமான்கள். நான் மாட்டித் தருவதில்லை.

புகைப் பரிசோதனையில் பாஸ் ஆகிவிட்டது, அதனால் மிக்ஸர் சரி என்று ஒருவர் வாதாடினார். அந்தச் சோதனை நிறுத்தி வைத்து, லோடு இல்லாமல், ஒரே சீராக ஆர்பிஎம் வைத்துச் செய்வது. அங்கே பூஸ்ட்டும் ஏறாது, கியரும் மாறாது. கால் எடுக்கிற அந்த நொடியில் வருகிற ரிச் அதில் தெரிய வழியே இல்லை. அதைப் பார்க்க வேண்டுமானால் சைலன்சரில், கலவையின் அளவைத் துல்லியமாகச் சொல்கிற வைட்பேண்ட் ஆக்ஸிஜன் சென்சார் வைத்து ஓட்டிக்கொண்டே பார்க்க வேண்டும். சட்டப்படியும் கம்பெனி அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதற்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கட்டுப்பாடு விதிக்கிறது என்பதைத் தம்பிகள் தெரிந்துகொள்ள வேண்டும்.

வால்வை மாற்றுகிற எண்ணமே இல்லாதவர்களும் பழைய டர்போ பெட்ரோல் வண்டி வைத்திருந்தால் ஒன்றைச் சோதித்துக்கொள்ளலாம். டயாஃப்ரம் ரப்பர் பானட் சூட்டில் வருஷக்கணக்கில் வெந்து கிழியும். கிழிந்தால் வெளியே எதுவும் தெரியாது. வண்டி மந்தமாகும், மைலேஜ் குறையும், அவ்வளவுதான். வாக்குவம் ஹோஸில் இயங்குகிற வகை என்றால், எஞ்சின் ஆறிய பிறகு வால்வைக் கழற்றி, மேல் முனையைத் துடைத்து, அதில் சின்ன ஹோஸ் மாட்டி வாயால் உறிஞ்சுங்கள். உள்ளே பிஸ்டன் மேலே ஏறுவது கண்ணுக்குத் தெரியும். ஏறியதும் ஹோஸின் முனையை நாக்கால் அடைத்துப் பிடியுங்கள். பிஸ்டன் அப்படியே நின்றால் டயாஃப்ரம் நல்லது. மெல்ல இறங்கிவிட்டால் கிழிசல் இருக்கிறது. அதே பார்ட் நம்பரில் ரீசர்குலேட்டிங் வால்வே வாங்கிப் போடுங்கள். போடும்போது திரும்பு ஹோஸின் இரண்டு கிளிப்பையும் புதிதாக மாற்றிவிடுங்கள், பழைய கிளிப் இறுகாது.